பிரிட்ஜ் கெட்டுப்போன கதையும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகும் வழியும்

2023 மார்ச்சில், வெயில் ஏறுவதற்கு முன் வாங்கிவிடலாம் என்று நெல்லை டவுனில் ஒரு கடையில் பிரிட்ஜ் வாங்கினோம். 27,500 ரூபாய். ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம் அது குளிர்வதை நிறுத்தியது. கடையில் சொன்னேன். "ரெண்டு நாள்ல ஆள் வந்துருவாவ அக்கா" என்றார்கள். ஆள் வந்தார், போனார். மறுபடி வந்தார், போனார். அடுத்த பிப்ரவரி வரைக்கும் தோசை மாவை எதிர்வீட்டு பிரிட்ஜில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இம்புட்டும் வாயால பேசிருக்க, சரி. ஒரு காயிதம் எழுதினியாம்மா?"

எழுதவில்லை. ஏழு மாதம் போனில் பேசியதற்கு என் கையில் ஒரு துண்டு சாட்சி கிடையாது. அன்றைக்குத் தொடங்கி, வக்கீல் வைக்காமல், புது பிரிட்ஜ் வீட்டுக்கு வரும்வரை நான் செய்ததையும், முன்பே செய்திருக்க வேண்டியதையும் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. பணம் கொடுக்கும்போதே பில்லைப் படியுங்கள்

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம் அக்கா" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் பில் கேளுங்கள். 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த தாளும், கால்குலேட்டர் பக்கத்தில் கிறுக்கிக் கொடுக்கும் துண்டுச்சீட்டும் பில் ஆகா. பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பில்லில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: உங்கள் பெயர், தேதி, பொருளின் மாடல், வரிசை எண், கட்டிய தொகை, கடையின் ஜிஎஸ்டி எண். அந்த எண் 15 இலக்கம். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கடையின் சட்டப்படியான பெயர் வரும். போர்டில் இருக்கும் பெயர் ஒன்று, பதிவில் இருக்கும் பெயர் வேறு என்பது நம் ஊரில் சாதாரணம். பின்னால் மனு எழுதும்போது பதிவுப் பெயர்தான் வேண்டும்.

வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழ வேண்டும். "அதெல்லாம் ஆன்லைன்ல இருக்குக்கா" என்றால் அந்தப் பதிவைக் கடையிலேயே போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பொருட்காட்சி ஸ்டாலில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீசன் முடிந்ததும் ஸ்டால் இருக்காது. நிலையான முகவரி பில்லில் இல்லையென்றால் காய்கறி நறுக்குகிற கருவி போன்ற சின்னச் சாமானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிக்ஸி, மெத்தையெல்லாம் வேண்டாம்.

2. அன்றைக்கே போட்டோ எடுங்கள்

மெஷினில் வரும் வழவழப்பான தாள் பில் சில மாதங்களில் வெள்ளைத்தாளாகிவிடும். என் பில்லில் தொகை மட்டும் மங்கலாகத் தெரிந்தது, தேதி போய்விட்டது. வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து ஈடுகட்டினேன். வாங்கிய அன்றைக்கே போட்டோ ஒன்று, ஜெராக்ஸ் ஒன்று. அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் எடுத்து வையுங்கள். யுபிஐயில் கட்டினால் அந்தத் திரையையும்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே முகவரிச் சீட்டு தெரிய வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே பக்கத்தில் வேறு வாசகம் இருக்கும். இ-வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் விற்கும் தளத்தில் இருந்தாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

3. பழுது பார்க்க ஆள் வந்தால்: சர்வீஸ் சீட்டும் ஓடிபியும்

நான் விழுந்த குழி இதுதான்.

மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைத் திறந்தார், ஏதோ முறுக்கினார், "ஆறு மணி நேரம் ஓடவிடுங்க, சரியாயிரும்" என்றார். கிளம்பும்போது, "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் சொன்னேன். அந்த ஓடிபி எதற்கென்று நான்காவது முறைதான் தெரிந்தது: 'பழுது நீங்கியது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்' என்று புகாரை மூடுவதற்கு. கம்பெனியின் கணக்கில் என் பிரிட்ஜ் மூன்று முறை சரியாகியிருந்தது!

ஆகவே, பொருள் நன்றாக ஓடுகிறது என்று நீங்களே பார்க்கும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். "நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்லுதேன் தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள். அவர் கோபப்பட மாட்டார். அவருக்கு மேலிடத்து நெருக்கடி, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருகைக்கும் சர்வீஸ் சீட்டு கேளுங்கள். வந்த தேதி, என்ன பழுது, என்ன மாற்றினார் என்பது அதில் இருக்க வேண்டும். கையெழுத்து கேட்டால் 'பழுது நீங்கவில்லை' என்று எழுதி அதன் கீழே போடுங்கள். பொருளில் குறை இருந்தது என்பதற்குக் கம்பெனி ஆளே எழுதித் தரும் சாட்சி அது. அது இல்லாவிட்டால் பின்னால் நுகர்வோர் ஆணையம் (நாம் நுகர்வோர் கோர்ட் என்பது இதைத்தான்) பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப நேரலாம். அதற்கான கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள்.

இன்னொரு குழி, '10 வருஷ வாரண்டி'. பிரிட்ஜில் அது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். முழுப் பொருளுக்கும் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குள்ளேயே கேஸ் நிரப்ப, வந்துபோக என்று என்னிடம் 1,850 ரூபாய் வாங்கினார்கள். வாரண்டி அட்டையைப் படித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். பிறகு அந்த ரசீதும் எனக்கு ஆவணமாக உதவியது, அது வேறு.

வாரண்டி முடியும் தேதிக்குள் எழுத்தில் ஒரு புகாராவது போயிருக்க வேண்டும். மின்னஞ்சல் போதும். நான் எழுதியபோது இன்னும் மூன்று வாரம்தான் மிச்சம்.

4. உங்கள் வழக்கு நிற்குமா என்று பாருங்கள்

கலர் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, வேறு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதெல்லாம் புகார் ஆகாது. அதற்கு மாற்றிக்கொடுப்பது கடைக்காரரின் பெருந்தன்மை. பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுக்க மறுப்பது சட்டப்படி தவறு. 30 நாள் தாண்டினால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். வாரண்டியும், குறையுள்ள பொருளை விற்றதற்கான பொறுப்பும் அப்படியே இருக்கின்றன.

மறுவிற்பனைக்கோ வியாபாரத்துக்கோ வாங்கியிருந்தால் நீங்கள் 'நுகர்வோர்' அல்ல. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதற்கு விலக்கு உண்டு. வீட்டிலேயே மாவு அரைத்து விற்கும் அக்காவின் கிரைண்டரும் தனியாளாகத் தைக்கும் தையல்காரரின் மெஷினும் இந்த விலக்கில் வரும். அப்படியானால் 'என் பிழைப்புக்காக நானே பயன்படுத்த வாங்கியது' என்ற வரியை மனுவில் மறக்காமல் எழுதுங்கள். எதிர்தரப்பு முதலில் கிளப்பும் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும்.

காலக்கெடு இரண்டு வருடம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கடைக்காரர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லும் நாளெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

5. ஆணையம் வரை போக வேண்டாதவை

எல்லாவற்றுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது. சில விஷயங்களுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன.

எடையும் எம்ஆர்பியும்: ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அல்வா வாங்குகிறோம். பெட்டியோடு தராசில் வைத்தால் அட்டைக்கும் அல்வா விலை கொடுக்கிறீர்கள். "காலிப் பெட்டியை வச்சு சைபர் பண்ணிட்டுப் போடுங்க அண்ணாச்சி" என்று சொன்னால் போதும். பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் செய்வார்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், அதற்கான சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் 'கூலிங் சார்ஜ்' வாங்குவது குற்றம். இவற்றுக்கான புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) என்று முகவரி எழுதுங்கள். பாட்டிலின் படமும் பில்லும் வேண்டும். பில் கேட்டதும் அந்த ஐந்து ரூபாய் தானாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

உணவு: காலாவதித் தேதி தாண்டியது, பூச்சி கிடந்தது, கருப்பட்டி என்று சர்க்கரைப் பாகை விற்றது போன்றவற்றை உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸாப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். உறையில் 14 இலக்க உரிம எண் இருக்கும், அதுவும் படத்தில் தெரியட்டும்.

நகை: மூன்று குறிகள் இருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 போன்ற தர எண், அந்த நகைக்கு மட்டுமான ஆறு இலக்க அடையாள எண்ணான எச்யுஐடி. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் என்ன நகை, என்ன தரம் என்று வரும். கையில் இருப்பது வளையல், செயலியில் வருவது மோதிரம் என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். 2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி, குட்டித் தோடு போன்றவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. அங்கே பில்தான் துணை. கல்லின் எடை, செய்கூலி, சேதாரம், ஹால்மார்க் கட்டணம் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்குத்தான். 45 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். கிராம் கணக்கில் வாங்கினால் கேளுங்கள். சொன்ன தரத்தைவிடத் தங்கம் குறைந்திருந்தால், அந்தக் குறைவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குச் சேர வேண்டும்.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரே கடை ஊரையே ஏமாற்றுகிறது, பலர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் கொடுங்கள். அப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கக் கலெக்டருக்குச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. உங்கள் ஒரு பிரிட்ஜுக்குப் பணம் வாங்கித் தரும் இடம் அது இல்லை. நான் ஒரு திங்கட்கிழமையை அந்த வரிசையில் கழித்துவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

6. 1915-க்கு ஒரு போன்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பில் எண், மாடல், கடை பெயர் எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முடிவில் ஒரு புகார் எண் தருவார்கள். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய கம்பெனிகளும் ஆன்லைன் நிறுவனங்களும் இதற்குக் கொஞ்சம் மசிகின்றன. என் தங்கைக்கு ஆன்லைனில் வந்த உடைந்த மிக்ஸிக்கு இப்படித்தான் பணம் திரும்பியது. எனக்கு, 'புகார் ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தது. ஓடிபி புண்ணியம்.

உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. இங்கே காத்திருக்கும் நாட்களால் இரண்டு வருடக் கெடு நீளவும் செய்யாது. ஒரு மாதம் பாருங்கள், அப்புறம் அடுத்த படி.

7. நோட்டீஸ் அனுப்புங்கள்

நோட்டீஸ் அனுப்பினால்தான் வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அனுப்புங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும் என்பார் அந்த மாமா. வக்கீல் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

'12.03.2023 அன்று உங்கள் கடையில் இன்ன பில் எண்படி இன்ன மாடல் பிரிட்ஜை 27,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஜூலை 2023 முதல் அது குளிரவில்லை. நான்கு முறை புகார் செய்தும் பழுது நீங்கவில்லை. புகார் எண்கள் கீழே. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் வேறு பிரிட்ஜ் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்வேன்.'

இவ்வளவு போதும். வசவு, சாபம், 'உங்களை நம்பி வந்த ஏழையை' என்பதெல்லாம் வேண்டாம். என் முதல் வரைவில் அதெல்லாம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. மாமா சிவப்புப் பேனாவால் அடித்தார்.

கடைக்கு ஒன்று, தயாரித்த கம்பெனிக்கு ஒன்று, சர்வீஸ் சென்டருக்கு ஒன்று. நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது கவுன்டரில் ஸ்பீட் போஸ்டைப் பதிவோடும் ஒப்புகையோடும் கேளுங்கள். தபால் ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் அடித்து வையுங்கள். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். மூடிய உறையே சாட்சி.

8. மனுவும் ஆவணங்களும்

15 நாள் கழிந்தும் பதில் இல்லை என்றால் மனு. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கொடுத்த விலை தீர்மானிக்கும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் மனுச் செய்யலாம். பாளையங்கோட்டையில் இருப்பவர் நெல்லை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், சென்னைக்கு ஓட வேண்டாம்.

மனுவை எளிய தமிழில் நானே எழுதினேன். யார் மீது, எப்போது வாங்கியது, என்ன குறை, எத்தனை முறை முறையிட்டது, நோட்டீஸ் எப்போது அனுப்பியது, இரண்டு வருடத்துக்குள் இருக்கிறது, இந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது, என்ன பரிகாரம் வேண்டும் என்று எண் போட்ட பத்திகளாக. கடையை மட்டும் சேர்த்தால் அவர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனியை மட்டும் சேர்த்தால் அது கடையைக் கைகாட்டும். கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

கூடவே இணைக்க வேண்டியவை:
பில், பணம் கட்டிய ஆதாரம்
வாரண்டி அட்டை
சர்வீஸ் சீட்டுகள், புகார் எண்கள் வந்த குறுஞ்செய்திகள் (அச்சிட்டு)
நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை அல்லது திரும்பிய உறை
ஆதார் நகல்
பிரமாண வாக்குமூலம் (மனுவில் சொன்னது உண்மை என்ற உறுதிமொழி), நோட்டரி முன் கையெழுத்திட்டு
எல்லாவற்றுக்கும் தேதி வரிசைப் பட்டியல், பக்க எண்ணோடு

பக்க எண் போடாமல் போனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வீண்.

ஆணையத்துக்கான படிகள், எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி, உங்களுக்கு ஒரு படி என்று ஜெராக்ஸ் எடுங்கள். உங்கள் படியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நஷ்ட ஈடு கேட்பதில் நிதானம் வேண்டும். 27,500 ரூபாய்ப் பொருளுக்கு 10 லட்சம் கேட்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். நான் பொருளின் விலை, வாங்கிய 1,850, மன உளைச்சலுக்கு 15,000, செலவுக்கு 5,000 என்று கேட்டேன்.

9. செலவுக் கணக்கு

பொருளின் விலை 5 லட்சம் வரை ஆணையக் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை, கொடுத்த விலையை வைத்துத்தான்.

எனக்கு ஆனது: தட்டச்சு 300, ஜெராக்ஸ் 240, நோட்டரி 150, தபால் எல்லாம் சேர்த்து 170. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆயிரத்துக்குள் முடிந்தது. வக்கீல் வைத்தால் அது தனி. வீட்டுச்சாமான் வழக்குக்கு வக்கீல் தேவையில்லை என்பது என் எண்ணம். வீட்டுமனை, இன்சூரன்ஸ், மருத்துவம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் இணையத்தில் தாக்கல் செய்யலாம். 2025 ஜனவரி முதல் அதற்கு இ-ஜாக்ரிதி தளம். ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும். போனில் சாய்வாக எடுத்த படத்தை ஏற்ற வேண்டாம்.

10. வாய்தாக்கள்

மனுவை ஏற்பதா என்று 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஏற்றபின் நோட்டீஸ் போகும். எதிர்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15. அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. 45 நாள் தாண்டி யாராவது பதிலோடு வந்தால் எழுந்து தேதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் ஆசை. என் வழக்கு மார்ச் 2024-இல் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. ஏழு வாய்தா. இரண்டில் கம்பெனி வக்கீல் நேரம் கேட்டார், ஒன்றில் அமர்வு இல்லை.

எந்த வாய்தாவையும் தவறவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்ய முடியும். வீட்டில் கல்யாணம் என்றால்கூட முன்னதாக எழுதிக் கொடுங்கள். காணொளியில் ஆஜராக அனுமதி கேட்டும் மனுக் கொடுக்கலாம். காலையிலேயே போய்ப் பலகையில் உங்கள் எண் எத்தனையாவது என்று பார்த்துக்கொண்டால், டீ குடிக்கப் போன நேரத்தில் பெயர் கூப்பிட்ட கதை நேராது. பதில் வந்தபின் நிரூபண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மனுவில் சொன்னதையே, எந்த ஆவணம் எதற்குச் சாட்சி என்று எண்ணோடு எழுதினால் ஆயிற்று. என் ஓடிபி விவகாரத்தை அங்கேதான் விளக்கினேன்: புகாரை மூடிய மறுநாளே மறுபடி புகார் பதிவானதைக் குறுஞ்செய்தித் தேதிகள் காட்டின. சரியான பிரிட்ஜுக்கு யாராவது மறுநாள் புகார் செய்வார்களா?

11. சமரசம் வந்தால், உத்தரவு வந்தால்

ஆறாவது வாய்தாவில் கம்பெனி வக்கீல் வராந்தாவில் வந்து, "புதுசு தந்துருதோம்மா, வாபஸ் வாங்கிருங்க" என்றார். வராந்தாவில் தலையாட்டாதீர்கள். என்ன மாடல், எந்தத் தேதிக்குள், கூட எவ்வளவு பணம் என்பதை எழுதிக் கூட்டு மனுவாக ஆணையத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பொருள் வீட்டில் இறங்கி ஓடுகிற வரை வாபஸ் என்ற சொல்லே வேண்டாம். எனக்குப் புது பிரிட்ஜும் 8,000 ரூபாயும் கிடைத்தன. கேட்டதைவிடக் குறைவு. இன்னும் ஒரு வருடம் மேல்முறையீட்டுக்கு அலைவதைவிட மேல் என்று ஒப்புக்கொண்டேன்.

சமரசம் இல்லாமல் உத்தரவு வந்தால், ஒரு நகல் உங்களுக்கு இலவசம். எதிர்தரப்பு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கெடு முடிந்தும் தரவில்லையென்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்றல் மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

மாற்றிக் கொடுத்த பொருளுக்குப் புது பில் கேளுங்கள். என்னிடம் பழைய பில்லிலேயே வரிசை எண்ணை அடித்துத் திருத்தித் தரப் பார்த்தார்கள். அப்படி வாங்கியிருந்தால் வாரண்டி 2024 மார்ச்சிலேயே முடிந்துபோனதாகக் கணக்கு. "புதுப் பெட்டிக்குப் புதுத் தேதி போட்டுத் தாங்க அண்ணாச்சி, இல்லன்னா இறக்க வேண்டாம்" என்றேன். வண்டி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது. பில் வந்தபிறகு இறக்கினார்கள்.